சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு சாண்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொண்டது.

இங்கே நான், உங்கள் அத்தை, தையல் மிஷின் ஆகிய மூவரும் சுகம். அங்கே நீங்கள், என் மகள், பேத்தி மூவரும் எங்களைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கை பழகிவிட்டது, தொடங்கிவிட்டேன். சுகமில்லாத சங்கதி கொஞ்சம் தள்ளி வருகிறது. அதற்குள் ஆபீஸில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் மகள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனை எடுத்தால் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். உங்கள் வீட்டில் என் மகள் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நடுவில் பேத்தி போனைப் பிடுங்கி, "தாத்தா, பூனை" என்று மூன்று தடவை சொல்கிறாள். அதற்கப்புறம் ஒரு மனிதன் எப்படி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது. ஆமாம் மாப்பிள்ளை, ஒப்புக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறந்துவிடுவதற்குள் இரண்டு சில்லறைச் சமாச்சாரம். ஒன்று, மகள் அனுப்பிய இடுப்புத் தைலம் அபாரம். போன வருடமெல்லாம் கிணற்றடியில் குனிந்து அளந்து நிமிர்வதற்குள் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும். இந்த மழைக்காலம் முழுக்க ஒருநாள் கூடப் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, விடுமுறைக்கு வரும்போது பேத்தியைத் தைரியமாகக் கூட்டி வரலாம், கிணறு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம் என்று அத்தை எழுதச் சொன்னாள். ஏன் பயப்பட வேண்டாம் என்று கேட்டேன். "எழுதச் சொன்னா எழுதுங்களேன், எல்லாத்துக்கும் ஒரு கேள்வி" என்றாள். எழுதிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிணறு அளக்கும் வேலையிலிருந்து நான் இன்றோடு விலகிக்கொள்கிறேன். உங்கள் ஆபீஸ் கொடுத்த இரும்பு டேப்பைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். சாக்பீஸ் என்னுடையது, அதை வைத்துக்கொள்கிறேன்.

காரணம் விளங்க வேண்டுமானால் மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். புது மாப்பிள்ளையாக நீங்கள் முதல்முறை இந்த வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். அத்தைக்கு உயிரே போய்விட்டது. கல்யாணமாகி நாலு நாளில் மாப்பிள்ளை கிணற்றைத் தேடுகிறாரே, நம் பெண் என்ன சொல்லித் தொலைத்தாளோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்களோ சாவகாசமாகச் சுவரில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். துவைக்கிற கல்லைப் பார்த்தீர்கள், கயிற்றைப் பார்த்தீர்கள், என் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைப் பார்த்தீர்கள். "எங்க ஆபீஸ்ல இந்தப் பக்கத்துக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கோம், மாமா. உங்ககிட்ட அளக்கற கையும் இருக்கு, சாக்பீஸும் இருக்கு" என்றீர்கள். தையல்காரனிடம் சாக்பீஸ் இருப்பதை ஒருவர் படித்துப் பட்டம் வாங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. பிறகுதான் சொல்லிக் கொடுத்தீர்கள். இரும்பு டேப்பின் அடிப்பக்கத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். தண்ணீரில் முங்கிய இடம் வரைக்கும் சாக்பீஸின் நிறம் மாறிவிடும். மேலே பிடித்திருக்கும் எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேலே எந்த இடத்தில் பிடிப்பது என்பதற்காகச் சுவரின் உச்சியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டீர்கள். "எப்பவும் இந்தக் கோட்டுலேருந்துதான், மாமா. திங்கட்கிழமை காலையில, வீட்டுல ஒரு வாளி கூட இறைக்கறதுக்கு முன்னாடி" என்றீர்கள். நாற்பது வருடமாக மனிதர்களை அளந்தவனுக்குக் கிணறு ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. கிணறு வயிற்றை எக்கிக்கொண்டு நிற்காது.

சொந்த மாமனாரையே வேலைக்கு வைக்கிறீர்களே என்று உங்கள் மேலதிகாரி முகத்தைச் சுளித்ததும், "எங்க மாமா அரை இஞ்சுக்குக் கூடப் பொய் எழுத மாட்டார் சார்" என்று நீங்கள் சொன்னதும் மகள் வழியாக என் காதுக்கு வந்தது. அந்த வார்த்தையை நான் மூன்று வருடமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கடைசி ஏழு வாரமாக அது குத்துகிறது.

எதற்காக அளந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே தைரியம் வருகிறது. எங்கள் தெருவுக்கு மேலே மேட்டில் பள்ளிக்கூடம். அதன் கூரையில் விழுகிற மழையெல்லாம் படிக்கட்டில் இறங்கித் தெருவில் ஓடிச் சாக்கடையில் சேர்வதைத் தலைமையாசிரியை வருடக்கணக்காகப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை, உங்கள் ஆபீஸுக்கு எழுதினார், ஊரைக் கூட்டினார், விளையாட்டு மைதானத்து மூலையில் மூன்று ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டத் திட்டம் போட்டார். அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து அதில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். போய்விடும் சரி, எங்கே போகும் என்று நகராட்சி கேட்டது. அந்த மூலையில் வண்டி நிறுத்த இடம் போடலாம் என்று அவர்களுக்கு ஒரு யோசனை. நீங்கள்தான் நடுவில் வந்து, குழிக்குள் எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது, கிணற்றைத்தான் கேட்க வேண்டும் என்றீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் மேலே இருக்கிற மாவு மில் கிணறு, மழை மட்டும் என்ன செய்கிறது என்று சொல்லும். கீழே இருக்கிற என் கிணறு, மழையும் குழியும் சேர்ந்து என்ன செய்கிறது என்று சொல்லும். குழி வெட்டுவதற்கு முன் ஒரு மழைக்காலம், வெட்டிய பிறகு இரண்டு மழைக்காலம். கடைசி வருடமும் என் கிணறு மில் கிணற்றைவிட முன்னேறியிருந்தால் குழி இருக்கும், ஊரில் இன்னும் பதினொரு இடத்தில் வெட்டுவார்கள். பின்வாங்கினால் மூடிவிடுவார்கள்.

அளப்பது சுலபம், அதைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம் என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஆறு மீட்டர் என்றால் தண்ணீர் மேலே, ஏழு மீட்டர் என்றால் தண்ணீர் கீழே. இதை உங்கள் அத்தைக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஏறினா இறங்கிருச்சுங்கிறீங்க, இறங்கினா ஏறிருச்சுங்கிறீங்க. இதுக்கு ஒரு டேப்பு" என்றாள். பக்கத்துக் கடை சலூன்காரருக்கு ஊரில் வானொலி என்று பெயர். அவர் ஒரு திங்கட்கிழமை, என் நோட்டில் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் முப்பது சென்டிமீட்டர் கூடிவிட்டது என்று பாதி ஷேவிங்கில் அறிவித்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோரும் தாராளமாக வண்டி கழுவினார்கள். உண்மையில் முப்பது சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

கிணற்றில் ஒரு மீட்டர் ஏறினால் பூமிக்குள் ஒரு மீட்டர் தண்ணீர் சேர்ந்ததாக அர்த்தமில்லை என்று நீங்கள் ஒருமுறை போனில் சொன்னதையும் நான் நம்பவில்லை. ஒரு வாளி நிறைய மணலைக் கொட்டி, கடையிலேயே வைத்து, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பத்து டம்ளர் உள்ளே போனபிறகுதான் மேலே எட்டிப் பார்த்தது. பிறகு வாளியின் அடியில் ஓட்டை போட்டு வடியவிட்டேன். பத்து ஊற்றியதில் ஆறுதான் திரும்பி வந்தது. மிச்சம் நாலு டம்ளரை மணல் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டது. வந்த ஆறும் ஒரு வாடிக்கையாளரின் புதுப் பேண்ட் மீது வந்தது, அது வேறு விஷயம். அன்றைக்குப் பூமியைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை வந்தது. வாங்கும், கொடுக்கும், ஆனால் வாங்கியதை முழுசாகக் கொடுக்காது. எந்த மண் எவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்தால்தான் கிணற்றில் ஏறிய உயரத்தைத் தண்ணீர்க் கணக்காக மாற்ற முடியும் என்றீர்கள். நான் வாளியோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு செயற்கைக்கோள் ஒன்றின் பின்னால் ஒன்று பறந்து, கீழே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று பூமியின் இழுப்பை வைத்தே கண்டுபிடிக்கின்றன என்று நீங்கள் சொன்னபோது அத்தை ஒரே கேள்விதான் கேட்டாள். "அப்ப எதுக்கு இவரு இடுப்பு ஒடியக் குனியணும்?" என்றாள். "மேலேருந்து பாத்தா ஒரு நாட்டோட தண்ணி தெரியும் அத்தை, நம்ம கொல்லைக் கிணறு தெரியாது. அதுக்கு மாமாதான் வேணும்" என்றீர்கள். அந்த ஒரு வாரம் எனக்கு வீட்டில் இருந்த மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்போது மூன்றாவது வருடத்துக்கு வருகிறேன். குழி இல்லாத முதல் மழைக்காலத்தில் தண்ணீர் நன்றாக ஏறிய வாரத்தில் ஆறு மீட்டர் நாற்பது. குழி வெட்டிய வருடம் ஆறு மீட்டர் இருபது. மழை மில்காரரின் மழைமானியில் கிட்டத்தட்ட ஒரே அளவு. தலைமையாசிரியை டீச்சரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன், பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கேட்டதும் கடையைப் பூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேனே, அந்த இரண்டு திங்கட்கிழமையும் நோட்டில் காலியாக இருக்கும். அந்தச் சாக்கில் உங்கள் அத்தை இங்கே கொத்தனாரைக் கூப்பிட்டுத் துவைக்கிற கல்லைச் சரிசெய்து, கிணற்றுச் சுவருக்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தாள். பளிச்சென்று இருந்தது. திரும்பி வந்த முதல் திங்கள் அளந்தால் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் கீழே. நீங்கள் கூடப் போனில், "ரெண்டு வாரத்துல இவ்வளவு இறங்குமா மாமா?" என்று கேட்டீர்கள். வெயில் என்றேன். பிறகு மழை வந்தது. மில் கிணறு போன வருடம் மாதிரியே ஏறியது. என் கிணறு ஏறியது, ஆனால் எந்த வாரம் பார்த்தாலும் போன வருடத்தைவிட அரைச் சாண் மட்டமாகவே ஏறியது. ஒன்பது திங்கட்கிழமை அளந்தேன், ஒன்பதும் அப்படியே. கடைசியில் நல்ல மழை வாரத்தில் ஆறு மீட்டர் முப்பத்திரண்டில் வந்து நின்றுவிட்டது. பன்னிரண்டு சென்டிமீட்டர் பின்வாங்கல். குழி மூடப்படும்.

டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, மாப்பிள்ளை. அதை நீங்கள் உங்கள் மேலதிகாரியிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் போகும் வழியில் கடைக்கு வருவார். கையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு. முதல் வாரம் இடுப்பில் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். அடுத்த வாரம் பிடித்ததை விடச் சொன்னார். அதற்கடுத்த வாரம் பொத்தான்களை அரை இஞ்சு நகர்த்தச் சொன்னார். பேசிக்கொண்டே மேஜையில் இருக்கும் நோட்டைத் தலைகீழாகப் படிப்பார். எண்ணைப் பார்த்ததும் முகம் வாடும், "பொத்தான் நல்லா வந்திருக்கு" என்பார், போய்விடுவார். இந்த வருடக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அவர் போவதற்கு முன்பே குழியை மூடிவிடுவார்கள் என்று வானொலி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்தக் கோட்டை நான் அத்தனை தடவை பிரித்துத் தைத்ததில் துணியே நைந்துபோய்விட்டது.

பத்தாவது திங்கட்கிழமை நான் எழுதினேன். வளர்கிற பிள்ளைக்குக் கால்சட்டை தைக்கும்போது அடியில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத் தைப்போம். அடுத்த வருடம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் கை போய்விட்டது. இந்த வாரம் நாமே ஒரு சாண் கொடுத்துவிடுவோம், அடுத்த வாரம் தண்ணீர் வந்து சரிசெய்துகொள்ளும் என்று நினைத்தேன். ஆறு மீட்டர் முப்பத்திரண்டில் இருபத்துமூன்றைக் கழித்து ஆறு மீட்டர் ஒன்பது என்று எழுதினேன். பன்னிரண்டு கொடுத்திருந்தாலே போதும். கொடுப்பதுதான் கொடுக்கிறோம் என்று தாராளமாகக் கொடுத்துவிட்டேன். டீச்சர் வந்தார், தலைகீழாகப் படித்தார். கோட்டைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று காலை பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னாராம். கைதட்டல் என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. எனக்கு ஊசி கையில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் தண்ணீர் வந்து சரிசெய்துகொள்ளவில்லை. அதனால் மறுபடியும் ஒரு சாண். அதற்கடுத்த வாரமும். ஒருதரம் மடித்துத் தைத்தால் எல்லா வாரமும் அதே மடிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிணறு திடீரென்று ஒரு சாண் விழுந்ததாகத் தெரியும். ஏழு வாரம் இப்படி ஓடியது. வாடிக்கையாளர்களிடம் நான் வாயால் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். இடுப்பு முப்பத்தெட்டு இருப்பவரிடம், நீங்க இளைச்சிட்டீங்க சார் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் நோட்டில் முப்பத்தெட்டு என்றுதான் எழுதுவேன். நோட்டில் பொய் எழுதினால் துணி வீணாகிவிடும். நாற்பது வருடத்தில் நோட்டில் எழுதிய முதல் பொய் உங்கள் நோட்டில்தான்.

போன வாரம் உங்கள் ஆபீஸ் கடிதம் வந்தது. குழி நன்றாக வேலை செய்கிறது, இருக்கட்டும், இன்னும் பதினொரு இடத்தில் இதே மாதிரி வெட்டப் போகிறோம், அளவு எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றி என்று போட்டிருந்தது. அளவு எடுத்துக் கொடுத்தவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பதினொரு குழி, மாப்பிள்ளை. பதினொரு இடத்தில் ஜனங்கள் வேலையை விட்டு வந்து மண் வெட்டுவார்கள், என் ஒரு சாணை நம்பி. அதற்கப்புறம் ஏதோ ஒரு வருடம் தண்ணீர் இல்லாமல் நிற்கும்போது, அன்றைக்கே தெரிந்திருந்தால் வேறு ஏதாவது செய்திருப்போமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் பெயரும் கெடும். அரை இஞ்சு பொய் சொல்ல மாட்டார் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள், நான் ஒன்பது இஞ்சு சொன்னேன். அதனால் ஏழு திங்கட்கிழமைகளின் உண்மையான எண்களைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டில் உள்ளதை அடித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழி மூடினால் மூடட்டும். டீச்சரிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

மகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அல்லது சொல்லவே வேண்டாம். பேத்தியின் இரண்டு கன்னத்துக்கும் தாத்தாவின் முத்தம் ஒவ்வொன்று, பூனைக்கு ஒரு விசாரிப்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், கையெழுத்துப் போட்ட எந்தத் தாளுக்கும் வெட்கப்படாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
மாமா

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டுவதற்கு முன், வாக்கியங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். உங்கள் அத்தை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பாதியில் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்னங்க, அந்தச் சிவப்புக் கோடு சுவரு மேலதானே இருக்கு?"

"ஆமா."

"சுவரு உசந்தா கோடும் உசருமில்ல?"

"சுவர் எப்படி உசரும்?"

"மூணு வரிசை செங்கல் வச்சா உசரும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "எப்ப வச்சே?"

"நீங்க பாப்பாவைப் பாக்கப் போயிருந்தீங்களே, அப்பதான். நடக்க ஆரம்பிச்சிருச்சுன்னு போன்ல சொன்னாங்களே. நடக்கற பிள்ளை கிணத்தை எட்டிப் பாக்கும்ல. அதான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். நல்ல மனுசன், பழைய கோடு மறைஞ்சிருச்சுன்னு புதுச் சுவரு மேல அவரே சிவப்புப் பெயிண்ட் வாங்கிப் போட்டுக் குடுத்தாரு. நீங்க வந்து பாத்துட்டு ஏதாவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். வெள்ளை நல்லா அடிச்சிருக்கேன்னீங்க."

கொல்லைக்குப் போய் இஞ்சு டேப்பை வைத்துப் பார்த்தேன். வெள்ளையை நகத்தால் சுரண்டினால் பழைய சுவர் முடிகிற இடம் தெரிகிறது. அங்கிருந்து புதுக் கோடு வரைக்கும் சரியாக ஒன்பது இஞ்சு. இருபத்துமூன்று சென்டிமீட்டர். தெருவில் போகிறவருக்குத் தோள்பட்டை கால் இஞ்சு இறங்கியிருந்தால் கடைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவேன். என் கிணறு ஒரு சாண் வளர்ந்தது தெரியாமல், தினமும் அதன் மேலேயே துண்டைப் போட்டுக் குளித்திருக்கிறேன். இடுப்பு வலி நின்றதற்கும் இதுதான் காரணம். தைலம் வேண்டாம்.

ஆகவே மாப்பிள்ளை, நான் நேர்மையாக எழுதிய ஒன்பது திங்கட்கிழமையும் தப்பு. பொய் எழுதிய ஏழு திங்கட்கிழமையும் சரி. மேலே இத்தனை பக்கம் அழுதுகொண்டே அனுப்பிய உண்மைத் தாளைச் சேர்த்தீர்களானால் உங்கள் நோட்டு கெட்டுவிடும். தண்ணீர் ஏறியிருக்கிறது. குழி வேலை செய்கிறது. கொத்தனாரை வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள், மூன்று வரிசைக்கு அவரே சாட்சி. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு மனம் கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டதை எழுதினேன், கிணறு சொன்னதை எழுதவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தது என் சாமர்த்தியம் இல்லை. அதனால் விலகல் விலகல்தான், அதில் மாற்றமில்லை.

இன்று திங்கட்கிழமை. காலையில் பார்சலுக்கென்று வைத்திருந்த டேப்பையும் என் சாக்பீஸையும் அத்தை எடுத்துக்கொண்டாள். "இனிமே நான் அளக்கறேன். நான் யாருக்கும் கோட்டு தைக்க வேண்டியதில்ல" என்றாள். அளந்தாள், ஒன்பது இஞ்சைக் கழித்தாள், எண்ணைச் சொன்னாள், நான் மறுபேச்சு இல்லாமல் எழுதினேன். டீச்சர் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கையிலிருந்த சாம்பல் நிறக் கோட்டை என் மேஜையில் வைத்தார். "எனக்காகவா எழுதினீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எழுதியிருக்கக் கூடாது. வேலை செய்யலேன்னா செய்யலேன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தானே அடுத்த குழியை வேற இடத்துல வெட்டலாம்" என்றார். பிறகு கோட்டை என் மேஜையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதை இனிமே நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார். பாதி ஏறியதும் நின்று மைதானத்து மூலையைப் பார்த்ததை நான் கடையிலிருந்து பார்த்தேன்.

விடுமுறைக்கு அவசியம் வாருங்கள். புதுச் சுவர் பேத்தியின் தலைக்கு மேலே இருக்கும், அவளால் எட்டிப் பார்க்க முடியாது. நான் தூக்கிக் காட்டுகிறேன். பழைய கோட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் போன வருடத்தைவிடப் பதினொரு சென்டிமீட்டர் கிட்டே வந்திருக்கிறது.